சைக்கிளை உடம்புக்குப் பொருத்துவது எப்படி: பாதத்தில் தொடங்கி ஹேண்டில்பாரில் முடிக்கும் முறை

அரை மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வார். அவருடைய சைக்கிளைப் பார்த்தால், சீட் முழுக்க முன்னால் தள்ளப்பட்டிருக்கும். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று அவரே தள்ளியிருப்பார். சில நாளில் முழங்காலும் சேர்ந்து வலிக்கத் தொடங்கும். நானும் ஒரு காலத்தில் இதையே செய்து, ஒரு வாரம் மாடிப்படி ஏறத் திணறினேன்.

அதற்குப் பிறகு என் சைக்கிளையும் நண்பர்கள் பலருடைய சைக்கிளையும் பொருத்திப் பார்த்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. பெரும்பாலானவர்கள் அளவில் தவறுவதில்லை, வரிசையில்தான் தவறுகிறார்கள். பெடல் இருக்கும் இடம் மாறாதது. அதனால் பெடலில் பாதத்தை வைத்து, அதைக்கொண்டு சீட்டை முடிவுசெய்து, சீட்டைக்கொண்டு ஹேண்டில்பாரை முடிவுசெய்ய வேண்டும். தலைகீழாகத் தொடங்கினால் ஒவ்வொரு திருத்தமும் முந்தைய திருத்தத்தைக் கெடுத்துக்கொண்டே போகும்.

சாதாரண சைக்கிள், கியர் சைக்கிள், வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக் எல்லாவற்றுக்கும் வரிசை ஒன்றுதான். முதல் தடவை நிதானமாகச் செய்ய இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. தொடங்கும் முன்: கருவி, அடையாளம், செருப்பு

4, 5, 6 மி.மீ. ஆலன் கீ மூன்றும் இருந்தால் பெரும்பாலான சைக்கிள்களுக்குப் போதும். பழைய வகை சீட் கிளாம்புக்கு 13 அல்லது 14 ஸ்பேனர் தேவைப்படும். மி.மீ. குறித்த டேப், கொஞ்சம் இன்சுலேஷன் டேப், ஒரு கெட்டி அட்டை நோட்டு, ஒரு நூலின் நுனியில் கட்டிய நட். இந்த நட்டுதான் நமக்குத் தூக்குக்குண்டு. ரசமட்டம் இல்லாவிட்டால் கைபேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியே போதும். கார்பன் பாகங்கள் இருந்தால் மட்டும் டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் கருவி) கட்டாயம். கையால் இறுக்கினால் கார்பன் எப்போது விரியும் என்று தெரியாது.

எந்த போல்ட்டையும் தொடுவதற்கு முன், இப்போதைய நிலையை அளந்து எழுதுங்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் குழாயை (சீட்டுக்குக் கீழே உள்ள பிரேம் குழாய்) ஒட்டி ஓர் அளவு. சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை இன்னொன்று. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் பிரேமுக்குள் நுழையும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியில், கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தையும் மார்க்கரால் குறியுங்கள். எல்லாம் குழம்பிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி வேண்டும் அல்லவா? இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்தவர்கள்தான் கடைசியில், 'முன்னாடி எப்படி இருந்ததுன்னே தெரியலை' என்று நிற்பார்கள்.

ஓட்டும்போது எதைப் போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு அளவெடுங்கள். மெல்லிய செருப்புக்கும் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவுக்கும் 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வரலாம். சீட் உயரத்தில் 1 செ.மீ. என்பது முழங்காலுக்கு நன்றாகவே தெரியும் அளவு.

சைக்கிள் சமதரையில் நிற்க வேண்டும். சுவரோரமாக, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார முடிகிற இடம் நல்லது. பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் இன்னும் சுலபம்.

2. பிரேம் சைஸை ஒரு தடவை பாருங்கள்

மேல் குழாய் படுகிடையாக உள்ள பிரேமில், குழாயின் இரு பக்கமும் கால் வைத்து நின்றால் கவட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி வேண்டும். குழாய் சரிந்து இறங்கும் பிரேமில் இந்தச் சோதனை அதிகம் சொல்லாது.

சரியான உயரத்துக்கு சீட் போஸ்ட்டைத் தூக்கும்போது அதில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே வந்துவிட்டால் பிரேம் சின்னது, அல்லது போஸ்ட் குட்டை. போஸ்ட்டை அடிவரை இறக்கியும் கால் எட்டவில்லை என்றால் பிரேம் பெரியது. பெரிய பிரேமைத் திருத்தங்களால் சரிசெய்ய முடியாது. அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

3. பாதம் பெடலில் எங்கே?

பலர் உள்ளங்காலின் நடுக்குழியைப் பெடலில் வைத்து மிதிக்கிறார்கள். இன்னும் சிலர் விரல்நுனியால் மிதிக்கிறார்கள். கால் கட்டைவிரலின் அடியில் ஒரு மேடு இருக்கிறது. அந்த மேடு பெடல் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலேயோ வரட்டும். அதாவது, கட்டைவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் நடுவில் அச்சு ஓட வேண்டும். அச்சு விரல்பக்கம் போகப்போக கெண்டைக்காலும் குதிகாலின் பின்னால் உள்ள தசைநாரும் அதிக வேலை செய்ய வேண்டிவரும்.

பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்? மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாதங்கள் தாமாகவே கொஞ்சம் வெளியே பார்க்கும், சிலருக்கு நேராக இருக்கும், இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்தக் கோணமே உங்களுக்கு உரியது. பாதத்தை வலிந்து நேராக்கினால் அந்த முறுக்கு முழங்காலில் போய் இறங்கும். ஷூவைப் பெடலில் பூட்டும் கிளீட் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். பாதம் கொஞ்சம் அசைய இடம் தரும் கிளீட்டில் தொடங்குவதே பாதுகாப்பு.

பாதத்தை முதலில் முடிவுசெய்வதற்குக் காரணம், அது முன்பின் நகர்ந்தால் காலின் எட்டும் தூரமே மாறும். பிறகு போட்ட சீட் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும்.

4. சீட் உயரம்

மொத்த வேலையில் பாதி இதுதான். இதை மட்டும் சரியாகச் செய்தாலே பலருக்கு வலி போய்விடுகிறது.

முதலில் ஒரு பழைய பழக்கத்தை விட வேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஓட்டக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அது சரி. ஓட்டத் தெரிந்தவருக்கு அது முழங்காலைக் கெடுக்கும் அளவு. பெடல் அச்சு கீழே வரும்போதுகூடத் தரையிலிருந்து 10 செ.மீ. அளவுக்கு மேலேதான் இருக்கும். தரையில் பாதம் பதிகிற மாதிரி சீட்டை வைத்தால், பெடல் கீழே போன பிறகும் முழங்கால் நன்றாக மடங்கியே இருக்கும். அந்த மடங்கிய நிலையிலேயே ஆயிரக்கணக்கான தடவை அழுத்தும்போது, பாரம் எல்லாம் முழங்கால் சில்லின் பின்பக்கம் போய் விழுகிறது.

சரியான உயரத்தில் உட்கார்ந்தால் விரல்நுனிதான் தரையைத் தொடும், சிலருக்கு அதுவும் தொடாது. நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்ற வேண்டும். ஏறும்போது ஒரு பெடலைப் படி மாதிரி மிதித்து எழுந்து உட்கார வேண்டும். பழகாதவர்கள் சீட்டை உயர்த்துவதற்கு முன்பே இதை நான்கைந்து தடவை செய்து பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் சிக்னலில் பயந்துபோய், வீட்டுக்கு வந்ததும் சீட்டை மறுபடி இறக்கிவிடுவீர்கள்.

குதிகால் முறை: சுவரைப் பிடித்தபடி சீட்டில் ஏறி உட்காருங்கள். கிராங்க் சீட் குழாயின் அதே கோட்டில் கீழ்நோக்கி இருக்கட்டும். பெடல் சீட்டிலிருந்து மிக அதிகத் தூரத்தில் இருப்பது அப்போதுதான், நேர்செங்குத்தாக நிற்கும்போது அல்ல. குதிகாலைப் பெடலில் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் கால் முழுதாக நீள வேண்டும். முழங்கால் மடங்கினால் சீட் தாழ்வு. பெடலை எட்ட இடுப்பைச் சாய்க்க வேண்டியிருந்தால் உயரம் அதிகம். இப்போது பாதத்தின் முன்மேட்டைப் பெடலில் வைத்தால், முழங்காலில் மெல்லிய மடிப்பு தானாக வந்துவிடும். அந்த மடிப்பு 25 முதல் 35 பாகைக்குள் இருந்தால் நல்லது.

கணக்கு முறை: இந்த அளவுக்கு மட்டும் காலணி இல்லாமல் சுவரில் முதுகை ஒட்டி, பாதங்களை 15 செ.மீ. அகற்றி நில்லுங்கள். கெட்டி அட்டை நோட்டைக் கவட்டையில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்துங்கள். நோட்டின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை உள்ள அளவை 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. வரும். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவு இருக்க வேண்டும். நோட்டை மெதுவாக அழுத்தி 2 செ.மீ. குறைத்து அளப்பவர்கள் அதிகம். மூன்று தடவை அளந்து பாருங்கள்.

இரண்டு முறையும் ஒரே விடை தராது. 1 செ.மீ. வரை வேறுபடுவது சகஜம். குறைந்த அளவில் தொடங்குங்கள். சீட் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் களைப்பு வரும். கொஞ்சம் உயர்ந்திருந்தால் இடுப்பு ஆடத் தொடங்கி, தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம், கீழ்முதுகு என்று பல இடத்தில் வலி கிளம்பும்.

அப்புறம், கைபேசியில் பின்னாலிருந்து ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் 3 முதல் 5 மி.மீ. இறக்கி மறுபடி பாருங்கள். பக்கவாட்டில் எடுத்த வீடியோவில், பெடல் அடியில் இருக்கும்போது விரல்நுனியைக் கூர்மையாகக் கீழே நீட்டுகிறீர்களா என்றும் கவனியுங்கள். அது உயரமான சீட்டைச் சமாளிக்க உடம்பு கண்டுபிடித்த வழி. ஓட்டுபவருக்கே அது தெரியாது.

பல வருடம் தாழ்ந்த சீட்டில் ஓட்டியவர், சரியான அளவு 4 செ.மீ. மேலே என்று தெரிந்தால் ஒரே நாளில் அங்கே போக வேண்டாம். இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 மி.மீ. வீதம் ஏற்றுங்கள். தொடையின் பின்தசை நீள்வதற்குப் பழக வேண்டும்.

சீட் போஸ்ட் கிளாம்பைத் தளர்த்தி, சீட்டை இடவலமாகத் திருப்பியபடி தூக்கினால் சுலபமாக வரும். எல்லைக்கோடு எந்த நிலையிலும் பிரேமுக்கு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் போஸ்ட் வளையலாம், பிரேமே விரியலாம். உலோகப் போஸ்ட் என்றால் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். கார்பனுக்கு கிரீஸ் கூடாது, அதற்கென்று உள்ள சொரசொரப்பான பசைதான். இறுக்கிய பிறகு சீட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், அசையக்கூடாது.

இரண்டு கால்களும் ஒரே நீளம் இல்லாதவர்கள் குட்டைக் காலுக்கு ஏற்றபடி சீட்டை வைக்க வேண்டும். நீளமான கால் சற்று மடங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளும், குட்டைக் கால் ஒவ்வொரு சுற்றிலும் எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தால் பொறுக்காது.

5. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துவது

கிராங்க் இரண்டையும் தரைக்கு இணையாக நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் காலின் முழங்கால் சில்லுக்குக் கீழே கையை வைத்துத் தடவினால் எலும்பு மேடு ஒன்று தட்டுப்படும். அங்கிருந்து தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிடுங்கள். நூல் பெடல் அச்சின் நடுவிலோ, அதற்கு 1 செ.மீ. பின்னாலோ விழ வேண்டும். அச்சுக்கு முன்னால் விழுந்தால் சீட்டைப் பின்னால் தள்ளுங்கள்.

நூல் சோதனை சட்டம் இல்லை, தொடங்குவதற்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். தொடை நீளமானவர்களுக்கும், முதுகை நிமிர்த்தி உட்காரும் சைக்கிளுக்கும் அது கொஞ்சம் விலகலாம். நான் அதைவிட அதிகம் நம்புவது சமநிலைச் சோதனையை. வண்டி நெரிசல் இல்லாத சமமான இடத்தில் நிதானமாக மிதித்துக்கொண்டே, விரல்கள் ஹேண்டில்பாரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கைகளின் பாரத்தை மட்டும் ஒரு விநாடி எடுத்துப் பாருங்கள். உடம்பு முன்னால் சரிந்து விழப்பார்த்தால் சீட் அதிகம் முன்னால் இருக்கிறது, உங்கள் கைகள் இத்தனை நாளும் உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்தன என்று பொருள். சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். மணிக்கட்டு வலியோடு வருபவர்கள் பலருக்கு இங்கேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஹேண்டில்பாரைத் தொடவே தேவையில்லை.

ஹேண்டில்பார் எட்டவில்லை என்பதற்காக சீட்டை முன்னால் தள்ளக்கூடாது. முதலில் சொன்ன என் கதை இதுதான். சீட் முன்னால் போனதும் முழங்கால் பெடலைத் தாண்டி நின்றது, சில்லின் மேல் பாரம் கூடியது, கைகளிலும் பாரம் குறையவில்லை. எட்டும் தூரத்துக்குத் தீர்வு ஸ்டெமில், அதாவது ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் பாகத்தில் இருக்கிறது.

சீட்டைப் பின்னால் தள்ளினால் பெடலிலிருந்து அதன் தூரமும் கூடும். 1 செ.மீ. பின்னால் போனால் உயரத்தை 3 மி.மீ. அளவு குறைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வந்தால் அதே கணக்கில் கூட்டுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, 'நேத்து வரைக்கும் உயரம் சரியாத்தானே இருந்தது' என்பார்கள்.

சீட்டின் அடிக்கம்பியில் நேராக உள்ள பகுதியில் மட்டுமே கிளாம்ப் பிடிக்க வேண்டும். வளைவில் பிடித்தால் கம்பி ஒருநாள் முறியும்.

6. சீட்டின் சாய்வு, அகலம்

நோட்டை சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தையோ கைபேசியையோ வையுங்கள். மட்டமாக இருப்பதே தொடக்கம். நடுவில் குழிந்த சீட் என்றால், நீங்கள் உண்மையில் உட்காரும் நடுப்பகுதி மட்டமாக இருந்தால் போதும்.

மூக்கு மேலே பார்த்தால் தொடையிடுக்கு நசுங்கி மரத்துப்போகும். அதற்குப் பயந்து மூக்கை நன்றாகக் கீழே இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கும், அதைத் தடுக்கக் கைகள் தள்ளிக்கொண்டே இருக்கும், மணிக்கட்டு வலி மறுபடி வரும். 2 பாகைக்கு மேல் இறக்க வேண்டியிருந்தால் வேறெங்கோ தவறு இருக்கிறது. சீட் உயரத்தையும் ஹேண்டில்பாரையும் சோதியுங்கள்.

பழைய வகைக் கிளாம்பில் பல் பல்லாக இருக்கும். நட்டை நன்றாகத் தளர்த்தி, பற்கள் பிரிந்த பிறகே சாய்வை மாற்றுங்கள். அரைகுறையாகத் தளர்த்தித் திருப்பினால் பற்கள் தேய்ந்து, அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் சீட் ஆடும்.

சீட்டில் பாரத்தைத் தாங்க வேண்டியவை பிட்டத்தின் அடியில் உள்ள இரண்டு எலும்புகள். மடிப்பு வரிகள் உள்ள அட்டைப்பெட்டித் துண்டை ஸ்டூலில் போட்டு, முதுகைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் நடுத்தூரத்தோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டினால் உங்களுக்குத் தேவையான சீட் அகலம் கிடைக்கும். மெத்து மெத்தென்ற ஜெல் உறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. எலும்பு அதில் அமிழ்ந்துபோக, நடுவில் உள்ள மென்பகுதி மேலே வந்து அழுத்தும். முதல் பத்து நிமிடம் சொகுசு, ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும்.

7. ஹேண்டில்பார்: உயரமும் தூரமும்

சீட் முடிந்த பிறகே இதைத் தொடுங்கள். சொகுசாக ஓட்ட வேண்டும் என்றால், ஹேண்டில்பாரின் பிடி சீட்டின் மட்டத்தில் அல்லது அதற்கு மேலே இருக்கட்டும். போட்டிக்கு ஓட்டுபவர்கள் தாழ்த்தி வைத்திருப்பதைப் பார்த்து நகல் எடுக்க வேண்டாம். அவர்களுடைய இடுப்பும் தொடையும் அந்த வளைவுக்குப் பழகியவை.

ஸ்டெம் இரண்டு வகை. பழைய வகையில் ஸ்டெமே முன்குழாய்க்குள் இறங்கியிருக்கும், தலையில் ஒரு நீளமான போல்ட். அதை முழுதாகக் கழற்றாமல் நான்கைந்து சுற்றுத் தளர்த்தி, போல்ட் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே உள்ள ஆப்பு விடுபடும். பிறகு ஏற்றலாம், இறக்கலாம். இதிலும் எல்லைக்கோடு உண்டு, அது வெளியே தெரிந்தால் ஓட்டக்கூடாது.

புதிய வகையில் ஸ்டெம் குழாயின் வெளிப்பக்கம் பிடித்திருக்கும், மேலே ஒரு மூடி, பக்கவாட்டில் இரண்டு போல்ட். உயரத்தை மாற்ற, ஸ்டெமுக்குக் கீழே உள்ள ஸ்பேசர் வளையங்களை மேலேயோ, மேலே உள்ளவற்றைக் கீழேயோ மாற்றிப் போட வேண்டும். ஸ்டெமைக் குப்புறத் திருப்பிப் போட்டாலும் உயரம் மாறும். இங்கே புதியவர்கள் தடுமாறுவது வரிசையில். தளர்த்தும்போது மூடி போல்ட், பக்க போல்ட் இரண்டையும் தளர்த்துங்கள். முன்சக்கரம் தரையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நழுவி விழும். பொருத்தும்போது முதலில் மூடி போல்ட்டை மெதுவாக, ஆட்டம் போகும்வரை மட்டும். அப்புறம் ஸ்டெமைச் சக்கரத்துக்கு நேராக்கி, பக்க போல்ட்களை மாற்றி மாற்றி இறுக்குங்கள். மூடி போல்ட்டின் வேலை தாங்குருளைகளின் ஆட்டத்தை எடுப்பது மட்டுமே, ஸ்டெமைப் பிடித்திருப்பது பக்க போல்ட்கள்தான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஸ்டெமிலேயே அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர்.

முடித்ததும் மூன்று சோதனை. முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்ற ஆட்டம் இருக்கக்கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில்பார் தடையின்றித் திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினால் எந்தக் கேபிளும் இழுபடக்கூடாது. ஹேண்டில்பாரை உயர்த்திவிட்டு இந்தக் கடைசிச் சோதனையை மறந்தால், திருப்பத்தில் பிரேக் தானாகப் பிடிக்கும்.

தூரம் சரியா என்று பார்க்க, முழங்கையைச் சீட் மூக்கில் வைத்து விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. முன்கை நீளத்தைக்கொண்டு முதுகின் நீளத்தை எப்படிச் சொல்வது? ஏறி உட்கார்ந்து பாருங்கள். முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும், தோள் காதை நோக்கி ஏறக்கூடாது, பிடியில் இருந்தபடியே ஆர்மோனியம் வாசிப்பதுபோல் விரல்களை ஆட்ட முடிய வேண்டும். முழங்கை விறைத்து நின்றால் 10 அல்லது 20 மி.மீ. குட்டையான ஸ்டெமுக்கு மாறுங்கள். முழங்கால் கையில் இடித்தால் நீளமானது தேவை.

8. பிரேக் லீவர்

இருக்கிற திருத்தங்களில் மிகச் சுலபமானது இதுதான். பலர் செய்யாததும் இதுதான். நேரான ஹேண்டில்பாரில் லீவர்கள் படுகிடையாக நின்றால், பிரேக்கில் விரல் வைக்கும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கும். லீவர் கிளாம்பைத் தளர்த்திக் கீழ்நோக்கித் திருப்புங்கள். முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே நேர்க்கோடாக வந்ததும் நிறுத்துங்கள். சின்னக் கைகள் என்றால், லீவரில் உள்ள குட்டித் திருகைத் திருப்பி அதைப் பிடிக்கு அருகே கொண்டுவரலாம். பிறகு பிரேக்கை அழுத்தமாகப் பிடித்துப் பாருங்கள், லீவர் பிடியைத் தொடாமலேயே சக்கரம் நிற்க வேண்டும்.

9. முதல் ஓட்டம்

ஆலன் கீயைப் பையில் போட்டுக்கொண்டு, 20 நிமிடம் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். புது நிலை முதலில் விநோதமாகத்தான் தோன்றும், உயரமாக, பின்னால் தள்ளி வைத்த மாதிரி. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வலி வந்தால்தான் நிறுத்த வேண்டும்.

இனி ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அதுவும் 3 முதல் 5 மி.மீ. அளவு. இரண்டு மூன்று ஓட்டம் பார்த்துவிட்டு அடுத்தது. சீட்டை உயர்த்தி, ஸ்டெமையும் மாற்றி, புது ஷூவையும் போட்டுக்கொண்டு போனால், எது உதவியது எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தசை களைத்து வலிப்பது வேறு, மூட்டில் ஒரே இடத்தில் குத்துவது வேறு. முன்னது இரண்டு நாளில் போகும். பின்னது வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கடைசியாக மாற்றியதைத் திரும்பப் பாருங்கள்.

கியரையும் சொல்லிவிடுகிறேன். சீட் எவ்வளவு சரியாக இருந்தாலும் கனமான கியரில் நெம்பி நெம்பி மிதித்தால் முழங்கால் தாங்காது. வலது முழங்கால் 15 விநாடியில் 20 தடவை மேலே வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று. சமதரையில் அந்த அளவுக்கு வரும்படி இலகுவான கியரில் ஓட்டுங்கள்.

10. வலி ஓரிடம், காரணம் வேறிடம்

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது அதிகம் முன்னால். முழங்காலின் பின்பக்கம் வலித்தால் அதற்கு நேர்மாறு, சீட் உயரம் அல்லது அதிகம் பின்னால். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் பெரும்பாலும் பாதத்தின் கோணம். மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறதா? உள்ளங்கையின் வெளியோரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது. கையுறை வாங்குவதற்கு முன், சீட் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா, சீட் அதிகம் முன்னால் இருக்கிறதா, ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். ஓட்டும்போது கை வைக்கும் இடத்தை அவ்வப்போது மாற்றுவதும் உதவும்.

கழுத்து, தோள் வலிக்கு ஹேண்டில்பார் தாழ்வு அல்லது தூரம். கீழ்முதுகு வலிக்கும் அதே காரணம்தான், ஆனால் இடுப்பு ஆடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். தொடையிடுக்கு மரத்துப்போனால் சீட்டின் சாய்வு, உயரம், அகலம். பாதம் எரிந்தால் ஷூ இறுக்கம், அல்லது பெடல் அச்சு விரல்பக்கம் அதிகம் போயிருக்கிறது. குதிகாலுக்கு மேலே பின்னால் வலித்தால் சீட் அதிக உயரம், இல்லாவிட்டால் விரல்நுனியால் மிதிக்கும் பழக்கம்.

வீக்கம், ஓட்டாதபோதும் தொடரும் வலி, இறங்கிப் பல மணி நேரம் ஆகியும் போகாத மரத்துப்போதல் இருந்தால், ஆலன் கீயைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

11. அமைந்த அளவை எழுதிவைப்பது

இரண்டு மூன்று வாரம் வலியில்லாமல் ஓட்டிய பிறகு நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராங்க் அச்சிலிருந்து சீட் மேற்பரப்பு, சீட் மூக்கு கிராங்க் அச்சுக்கு எவ்வளவு பின்னால், சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள உயர வித்தியாசம். இரண்டாவது அளவுக்கு, சீட் மூக்கிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் அச்சுக்கும் நடுவில் அளந்தால் போதும்.

புது சீட் மாட்டினால் இந்த அளவுகளை அப்படியே போட முடியாது. ஒவ்வொரு சீட்டின் மூக்கும் தடிமனும் வேறு. அடிப்பாகம் தடித்த புது ஷூ, நீளம் மாறிய கிராங்க் வந்தாலும் நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 175 மி.மீ. கிராங்க்கிலிருந்து 170க்கு மாறினால் சீட்டை 5 மி.மீ. உயர்த்துவது முதல் வேலை.

தொட்ட போல்ட்கள் எல்லாவற்றையும் முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சோதியுங்கள். புதிதாக இறுக்கியவை கொஞ்சம் தளரும். சீட் தெரியாமலே இறங்கிக்கொண்டிருந்தால், முதல் படியில் சுற்றியதுபோல் புது அளவில் ஒட்டிய இன்சுலேஷன் டேப் காட்டிக்கொடுத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை உலோகச் சீட் போஸ்ட்டை வெளியே எடுத்துத் துடைத்து கிரீஸ் போடும்போதும் அந்த டேப் அதே இடத்தில் இருக்கட்டும், திரும்ப அளக்கிற வேலை மிச்சம்.